கடைசிப் படியில் நின்ற மந்திரி

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். "புஸ்ஸ்" என்று முதலில் காற்று, பிறகு இருமுகிற மாதிரி செம்பழுப்பாய்க் கொஞ்சம், அதற்கப்புறம்தான் தண்ணீர். மைசூரில் மண்டி மொஹல்லா சந்து ஒன்றில் வளர்ந்த எனக்கு விடிந்துவிட்டது என்று சொன்னதே அந்தச் சத்தம்தான், ஏனென்றால் அந்தத் தண்ணீரைத் திறந்து விடுகிறவர் என் அப்பா. தோள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய் வால்வு திறப்பார். கன்னடத்தில் அவருக்கு "நீர்கண்டி" என்று பெயர். காண்டிராக்டரிடம் தினக்கூலி. "பர்மனென்ட்" ஆகவேண்டும் என்று ஆறு வருஷமாக எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று வந்தார். அவரும் ஆறு வருஷமாக ஒரே பதில்தான் சொன்னார்: "அடுத்த மாசம் ஆகுது, ரங்கா."

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகனுடைய போன். போன வாரம் அதில் ஒருவர் ஒரு படத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். காமெடி கதையோடு ஒட்டவில்லையாம். மந்திரியைக் கிண்டல் செய்து என்ன ஆகப்போகிறது, ஜனங்கள் சிரித்துவிட்டு மறந்துபோவார்கள், எந்த அரசியல்வாதிக்கும் அதனால் ஒரு மயிரும் உதிராது என்றார். நன்றாகத்தான் பேசினார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கு அவ்வளவு கோர்வையாகப் பேச வராது. ஆனாலும் அவர் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

எனக்கு ஒன்பது வயசிருக்கும்போது ஒரு தமிழ்ப்படம் வந்தது. கதை அண்ணன் தங்கை அழுகை, அது மறந்தேபோய்விட்டது. நடுவில் ஒரு மந்திரி வருவார். மேளதாளத்தோடு ரிப்பன் வெட்டிக் குழாயைத் திறப்பார், "புஸ்ஸ்" என்று காற்று வரும். குடத்தோடு நிற்கிற பெண்கள் தண்ணீர் எங்கே என்று கேட்டால், "தண்ணி அடுத்த மாசம் வரும், இப்போதைக்குக் காத்து வருது, பிடிச்சு வெச்சுக்குங்க" என்பார். அந்த இடத்தில் தியேட்டரே எழுந்து நின்று சிரித்தது. பெஞ்சு டிக்கெட்டில் பாதிப் பேர் கட்டட வேலைக்கும் பாக்டரிக்கும் வந்த எங்கள் ஜனங்கள், தினம் விடியலில் அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குடத்தோடு நிற்பவர்கள். சாமியைத் தவிர எதற்கும் கண் கலங்காத என் அம்மா கண்ணில் நீர் வழியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அனூர்ப் பக்கத்து எங்கள் சொந்த ஊரில் கொலு வைக்கும் வழக்கமில்லை. மைசூருக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக் கௌரம்மாவைப் பார்த்துத்தான் அம்மா ஆரம்பித்தாள். ஐந்து படி. மேலே கலசமும் அம்மனும், அடுத்து "பட்டத கொம்பெ" என்று இங்கே சொல்கிற மரத்து ராஜா ராணி, கடைசிப் படியில் பருப்பும் அரிசியும் பரப்பிக்கொண்டு செட்டியாரும் அவர் சம்சாரமும். அந்த வருஷம் அம்மா செட்டியாரைக் கடையிலிருந்து எழுப்பி, தோளில் வெள்ளைக் கைக்குட்டையைத் துண்டாகப் போட்டு, அப்பா கழற்றிப் போட்டிருந்த பழைய பித்தளைக் குழாயை முன்னால் நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினாள். எதிரே வரிசையாகச் சொப்புக் குடங்கள்.

கொலு பார்க்க வருகிறவர்கள் பெண் குழந்தையைப் பாடச் சொல்வது வழக்கம். எனக்குப் பாட்டு வராது. தகர டப்பாவில் கல் உருள்கிற மாதிரி இருக்கும் குரல். அதனால் அம்மா எனக்கு வேறு வேலை கொடுத்தாள். அவள் "தண்ணி எப்போங்க வரும்?" என்று கேட்பாள், நான் மந்திரி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு பதில் சொல்லவேண்டும். தமிழ் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சிரித்தார்கள். கௌரம்மா மட்டும் நான்கு நாள் திரும்பத் திரும்ப வந்தாள். "அந்த காத்து டயலாக் இன்னொரு சல சொல்லு புட்டி," என்பாள். கன்னடத்தில் சல என்றால் தடவை, புட்டி என்றால் சின்னப் பொண்ணு.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, முகம் சுளித்தார். "அம்மன் முன்னால சினிமாக் கூத்தா? அவ அசுரனைக் கொல்ற எடத்துல இவனுக்கென்ன வேலை?" என்றார். அம்மா சுண்டல் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அசுரனைக் கொல்ற எடத்துல செட்டியார் துவரம்பருப்பு விக்கலாமுங்களா?" என்றாள். பெரியப்பா சுண்டலைச் சாப்பிட்டார். கதையோடு ஒட்டவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பதில்தான் இன்றைக்கும் ஞாபகம் வருகிறது. அம்மன் மேல்படியில் உட்கார்ந்திருப்பதே கீழ்ப்பக்கம் குடத்தோடு நிற்கிறவர்களுக்காகத்தானே.

ஆயுத பூஜையன்று காலையில் அப்பா வந்து, கார்ப்பரேட்டர் சாயங்காலம் நம் வீட்டுக் கொலுவுக்கு வருகிறார் என்றார். அப்பாவே போய் அழைத்திருக்கிறார், பைல் நகரட்டும் என்று. சொல்லிவிட்டுக் கடைசிப் படியைப் பார்த்தார்.

"அந்த மந்திரியை எடுத்துரு."

"ஒருக்கா வெச்ச பொம்மையை விஜயதசமி வரைக்கும் நகத்தக் கூடாதுங்க. அவளுக்கு முன்னால வெச்சாச்சு."

அப்பாவும் சாமிக்குப் பயந்தவர்தான். அம்மன் ஒரு பக்கம், கார்ப்பரேட்டர் ஒரு பக்கம் என்று நாள் முழுக்கத் தவித்தார். கடைசியில் அவருக்குத் தோன்றிய வழி, பொம்மைக்கு முன்னால் தானே மறைத்துக்கொண்டு நிற்பது.

கார்ப்பரேட்டர் நான்கைந்து ஆட்களோடு வந்தார். ஓட்டுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர், அதற்குள் சரளமாகவே பேசுவார். அம்மனைக் கும்பிட்டு, குங்குமம் இட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா கைகட்டி நின்றபடி, "ஸ்வாமி, நம்ம பர்மனென்ட் விஷயம்..." என்று இழுத்தார்.

"ஆகுது ரங்கா, அடுத்த மாசம்."

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லத்தான் ஆசை. எட்டு நாளாக எத்தனை பேர் முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். "அடுத்த மாசம்" என்று காதில் விழுந்ததும் என் வயிறு தானாக முன்னே வந்தது. "இப்போதைக்குக் காத்து வருது, பிடிச்சு வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டேன்.

கதவோரம் நின்ற கௌரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. கூட வந்த ஆள் ஒருவரும் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா அப்படியே தரையில் உட்கார, அவருக்குப் பின்னால் துண்டும் ரிப்பனுமாகச் செட்டியார் தெரிந்தார்.

கார்ப்பரேட்டர் எழுந்து வந்து பொம்மைக்கு முன்னால் குந்தினார். குழாயைத் திருகிப் பார்த்தார். சொப்புக் குடங்களைப் பார்த்தார். அப்பாவின் வேலையை நானே தின்றுவிட்டேன் என்று புரியாத வயசில்லை அது. அவர் நிமிர்ந்து மேல்படி அம்மனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"ரங்கா, உன் பைல் திரும்பி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அது ஆகாது. உன் மூஞ்சியைப் பாத்து சொல்ல எனக்கு வாய் வரல. இனிமே காத்திருக்காதே."

அம்மா தாம்பூலம் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அப்பா அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் நகர்த்தாமல், தொட்டும் தொடாமலும், செட்டியாரின் துண்டை மட்டும் சரிசெய்துவிட்டு, "இவன் ரெண்டு வருஷம் முந்தியே நம்மூட்டுக்கு வந்திருக்கோணும்," என்றார். அழுதுகொண்டே சிரித்தார் என்றுதான் சொல்லவேண்டும். மறுநாள் விஜயதசமி. இரும்புச் சாவியைக் காண்டிராக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கின பைப் ரெஞ்சு ஒன்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சொந்தமாகக் குழாய் வேலை தொடங்கினார். எங்கள் குடும்பத்தைக் கரையேற்றியது அந்த ரெஞ்சுதான்.

ஆறு வருஷம் கெஞ்சியும் கிடைக்காத ஒரு நிஜம், ஒரு சினிமாக் காமெடியும் ஒரு களிமண் பொம்மையும் இருந்த இடத்தில் வெளியே வந்தது. கார்ப்பரேட்டரின் வாயைத் திறந்தவள் அம்மன் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவள் கையில் எடுத்தது எதை என்று நினைக்கும்போது இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது. சிரித்துவிட்டு மறந்துபோவார்கள் என்கிறாரே அந்தப் போன்காரர், அப்பா சாகும்வரை மறக்கவில்லை. கார்ப்பரேட்டரும் மறக்கவில்லை. பதவி போன பிறகும் வருஷா வருஷம் வந்தார். வாசலிலேயே, "எங்கே நம்ம ஆளு?" என்று கேட்டு, கடைசிப் படியைப் பார்த்துவிட்டுத்தான் அம்மனைக் கும்பிடுவார்.

அந்தத் தியேட்டரை இடித்து, அந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். படத்தின் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. அப்பா, அம்மா, கௌரம்மா, "எங்கே நம்ம ஆளு" என்றவர், ஒருவரும் இல்லை. கொலுவுக்கும் ஆள் வருவது குறைந்துவிட்டது. போட்டோ அனுப்புங்கள் ஆன்ட்டி, பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பதவியில் இருக்கிற யாரும் குந்தி உட்கார்ந்து குழாயைத் திருகிப் பார்க்கிற தூரத்துக்கு வருவதில்லை. அது காமெடியின் குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

செட்டியாருக்கு மூக்கு கொஞ்சம் உடைந்திருக்கிறது. இந்த வருஷமும் துண்டு போட்டு, ரிப்பன் கட்டி, கடைசிப் படியில் வைத்தேன், முகம் வாசலைப் பார்க்கிற மாதிரி.