ரெகுலேட்டருக்குப் போட்ட கவர்

மரக்காணத்தில் உப்புக்காற்றுக்குப் பயப்படாத வீடு கிடையாது. டிவி ரிமோட், மோட்டார் ஸ்டார்ட்டர், புது சைக்கிளின் சீட் எல்லாவற்றுக்கும் பாலித்தீன் கவர் போட்டுவிடுவோம். உலோகம் என்று கண்ணில் பட்டால் கிரீஸ் தடவுவோம். பாட்டுக் கேட்க, பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடி வால்வுகளை வைத்து நான் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டியபோதும் கை தானாக அந்த வேலையைச் செய்தது.

வால்வுகளைச் சூடேற்றும் ஆறு வோல்ட்டை நிலையாக வைத்திருக்க ஒரு சின்ன ரெகுலேட்டர். அதன் சூட்டை வெளியே விட, பெட்டியின் பின்புறம் அலுமினிய ஹீட்சிங்க். அதன் இடுக்கிலெல்லாம் கிரீஸை அப்பி, கனமான கவரைச் சுற்றி டேப் ஒட்டினேன். அப்படியொரு திருப்தி எனக்கு!

ரெகுலேட்டரை வாங்கி வந்தவன் என் நண்பன். உப்பு லோடு ஏற்றிச் சென்னைக்கு லாரி ஓட்டுகிறவன். லோடை இறக்கிவிட்டு, பஸ் பிடித்துப் போய், கடை கடையாக ஏறி வாங்கி வந்தான். போட்டால் முதல் பாட்டு ஜோராக ஓடியது. இரண்டாவதில் குரல் கரகரத்து, மங்கி, அடங்கிவிட்டது. மீட்டரை வைத்தேன், வோல்ட் சரிந்து கிடந்தது. "டூப்ளிகேட்டுப்பா இது" என்றேன். மறுபேச்சில்லாமல் அடுத்த லோடில் வேறொன்று வாங்கி வந்தான். அதை மாட்டி, மறுபடி கிரீஸ் அப்பிக் கவரைக் கட்டினேன். அதுவும் அதே கதை.

மூன்றாவதைக் கொண்டுவந்த அன்று, பாட்டுக் கேட்கவென்று மனைவியையும் கூட்டி வந்திருந்தான். அவர் எதிரிலேயே அதுவும் அடங்கியது. எனக்குத்தான் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்குமே.

"ஏம்பா, கடைக்காரன் உன்ன ஏமாத்துறானா, இல்ல நீயே மட்டமானத வாங்கியாந்து என் தலையில கட்டுறியா?"

"நல்ல கடைதான்பா" என்றான்.

"அண்ணே, சோறுகூட துன்னாம அலைஞ்சி வாங்கினாருண்ணே" என்றார் அவன் மனைவி.

"ஒரிஜினலு எதுன்னு தெரியாதவன் எதுக்கு வாங்கப் போவணும்?" என்று கத்தியபடியே, ரெகுலேட்டரைப் பிடுங்கி அவன் கையில் திணித்துவிடும் வேகத்தில் கவரைக் கிழித்தேன். ஹீட்சிங்க் விரலைச் சுட்டுவிட்டது. கிரீஸ் உருகி வழிந்துகொண்டிருந்தது. விரலை உதறிக்கொண்டு இன்னும் திட்டினேன். ஸ்விட்சை அணைக்கவில்லை. கடல்காற்று உள்ளே வந்து ஹீட்சிங்கின் மேல் வீசியது.

நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே பாட்டு திரும்ப வந்தது. முதலில் முனகலாக, பிறகு கணீரென்று. அவன் வாங்கி வந்ததில் எந்தக் குறையும் இல்லை. சூடு வெளியேற வழியில்லாமல், மூச்சுவிட முடியாமல் அதை மூடிக் கட்டியவன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று பேரும் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க வேண்டியதாயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"தப்பா பேசிட்டேம்பா" என்றேன்.

"அட, வுடுப்பா" என்றான்.

அவன் விட்டுவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போதும் வருகிறான், பேசுகிறான், சிரிக்கிறான். நேற்று தர்பூசணி கொண்டுவந்தான். கையில் கொடுக்கவில்லை. வாசலிலேயே கத்தியால் ஒரு கீற்று அறுத்து, உள்ளே சிவப்பைக் காட்டி, "நல்லதுதான், பாத்துக்கப்பா" என்று சொன்ன பிறகே கொடுத்தான். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.