அத்தையின் நட்சத்திரம்

போன வாரம் என் மகளின் ஜாதகத்தைப் பொருத்தம் பார்க்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.  அதிலிருந்து அத்தையின் ஞாபகமாகவே இருக்கிறது.

இந்தியாவிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய இந்த நாடு சுதந்திரம் பெற்ற வருடம். காஜா பேராங் என்ற பகுதியில் எங்கள் வீடு. எனக்கு எட்டு வயது, அப்பாவின் தங்கைக்கு இருபத்தேழு. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அத்தைக்கு ஆயில்யம். அதன் சின்னம் பாம்பு. அந்த நட்சத்திரத்து மருமகள் மாமியாருக்கு ஆகாது என்றார்கள். எனக்கோ அந்தப் பாம்பைப் பார்த்துவிட வேண்டும். அத்தை தலை சீவும்போது பிடரியில் தேடுவேன்.

"முதுகுல இருக்கு. கடிக்கும், தள்ளிப் போ" என்பாள் அத்தை, சிரிக்காமல்.

என்னுடைய அஸ்தத்துக்குச் சின்னம் வெறும் கை. அதில் எனக்குக் குறைதான்.

செமாபோக் என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தந்தி ஆபீசில் வேலை. அவருடைய அம்மா ஜாதகத்தைப் பிரித்த வேகத்தில் மடித்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசை."

மாப்பிள்ளை அதை வாங்கிப் படித்தார். "காலை ஏழு மணின்னு போட்டிருக்கு. எந்தக் கடிகாரம்?"

"நம்ம வீட்டுக் கடிகாரம்தான்" என்றார் அப்பா.

"பஞ்சாங்கம்?"

"அது இந்தியாவிலேருந்து வந்தது."

அப்பா பெட்டியைக் குடைந்து அத்தை பிறந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அவள் பிறந்த நாளில் காலை ஆறேகால் வரை பூசம், பிறகு ஆயில்யம் என்றிருந்தது. அத்தை பிறந்தபோது இங்கே ஏழு மணி என்றால் இந்தியாவில் ஐந்தரைதான் என்றார் மாப்பிள்ளை. ஜாதகம் எழுதியவர் ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்கவே இல்லை.

"இவங்க பூசம், அம்மா."

"பூசமா? பசு மடியாச்சே, குடும்பம் தழைக்கும்" என்று அந்த அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "அடுத்த முகூர்த்தத்துலயே வச்சுக்கலாம்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை மட்டும் காப்பித் தட்டோடு நின்றாள்.

"எனக்கு ஒரு வாரம் வேணும். யோசிச்சுச் சொல்றேன்."

மாப்பிள்ளை ஒருவர்தான் தலையாட்டினார்.

அந்த ஏழு நாளும் அத்தை நன்றாகச் சாப்பிட்டாள், பாட்டை முணுமுணுத்தபடி துணி துவைத்தாள். அப்பாதான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். எட்டாம் நாள் சம்மதம் என்றாள். சம்மதிக்கப் போகிறவள் எதற்காக ஒரு வாரம் எல்லாரையும் காக்க வைத்தாள் என்பது அன்று எனக்கு விளங்கவேயில்லை; பொருத்தத்துக்குப் பதில் வராமல் ஒரு வாரமாக நானே காத்திருக்கும் இப்போது விளங்குகிறது.