ஜோடி சிப்பாய்

எங்கள் ராயபுரம் தெருவில் செஸ் ஆட்டம் ஜோடி சிப்பாயில்தான் தொடங்கும். முதல் தடவை மட்டும் இரண்டு சிப்பாய்களை ஒரே நேரத்தில் தலைக்கு ஒரு கட்டம் நகர்த்தலாம். ராஜாவுக்கும் ஒரு சலுகை உண்டு. ஆட்டத்தில் ஒருமுறை குதிரையைப் போலத் தாவித் தப்பிக்கலாம். அந்தத் தாவலில் அப்பாவை அடிக்க ஆளில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்தால், தெருவே அவரிடம் தோற்றுவிட்டுத்தான் சாப்பிடப் போகும். மகளாயிற்றே என்று எனக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஐந்தாம் வகுப்பில், மாதா கோயில் ஹாலில் நடந்த போட்டிக்கு நான் பெயர் கொடுத்தபோது, கப் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே அப்பா பேசித் திரிந்தார். நானும் அதை டிவி மேல் வைப்பதா, மாதா படத்துக்குக் கீழே வைப்பதா என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் சுற்றில் எதிரே கண்ணாடி போட்ட பையன். இரண்டு கைகளாலும் இரண்டு சிப்பாய்களை நகர்த்திக் கடிகாரத்தைத் தட்டினேன். பையன் கையைத் தூக்கினான். நடுவர் வந்து ஒன்றைத் திருப்பி வைத்து, இன்னொரு தப்பு செய்தால் ஆட்டம் போச்சு என்றார். என்ன தப்பு என்றே எனக்கு விளங்கவில்லை. பயந்து பயந்து ஆடினேன். அவன் செக் சொன்னதும்தான் தெம்பு வந்தது. அப்பாவின் வித்தை இதற்குத்தானே என்று ராஜாவை எடுத்து ஒரு தாவு தாவினேன். பையன் மறுபடியும் கையைத் தூக்கினான்.

வாசலில் நின்றிருந்த அப்பா உள்ளே வந்துவிட்டார். "எங்க தெருவுல இப்டித்தான் சார் ஆடுவோம். பாப்பா மேல தப்பில்ல."

நடுவர் நல்ல மனிதர். ஊர் உலகமெல்லாம் ஒரே சட்டம்தான் என்று பொறுமையாக விளக்கினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எனக்கு வீடு வரும்வரை அழுகை அடங்கவில்லை. வழியில் அவர் வாங்கித் தந்த சுண்டலைக்கூடத் தொடவில்லை.

சாயங்காலம் கூட்டாளிகள் வந்ததும் அப்பா ஒற்றைச் சிப்பாயை நகர்த்தினார். "இன்னா மாமு, புதுசா கீது?" என்று அவர்கள் சிரித்தார்கள்.

"இனிமே இங்க இதான் ரூலு. தாவறதெல்லாம் கெடையாது. பாப்பா, நீ வந்து குந்து."

அந்த மழைக்காலம் முழுக்க அப்பா என்னிடம் தோற்றார். கூட்டாளிகள் சுற்றி நின்று கேலி பண்ணுவார்கள். எனக்கோ தலைகால் புரியாது. அப்பாவுக்கு ஆட்டம் மறந்துபோச்சு என்று தெருமுனை வரை சொல்லி வருவேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். நான் செக் சொல்லும்போதெல்லாம் அவர் கை ராஜாவின் மேல் போய் ஒரு கணம் நிற்கும், பிறகு திரும்பிவிடும். ஏன் திரும்புகிறது என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.