செவ்வாய்க்கிழமை நின்றுபோன கீபோர்டு

அந்தக் கீபோர்டை நான் கெடுக்கவில்லை. இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்றைக்கும் “சரி, சரி” என்றுதான் தலையாட்டுகிறார்.

அப்போது எனக்குப் பத்து வயது. சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீடு. ஈஸ்டர் திருப்பலிக்கு நான் வாசிக்க வேண்டும் என்பதற்காக, தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய ஆன்ட்டி குழுவின் கீபோர்டை மூன்று வாரத்துக்கு எங்கள் வீட்டில் விட்டிருந்தார். வேறு யார் கையும் பட்டுவிடக் கூடாதென்று அதன் அடாப்டரை என் காலுறைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். அப்படிப்பட்ட என்னைத்தான் பொறுப்பில்லாதவள் என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்து சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. மாலையில் வேலை முடிந்து வந்த அம்மா, பை தோளில் இருக்கும்போதே விசாரணையை முடித்துவிட்டார்.

“நேத்து ராத்திரி நல்லாதான வாசிச்ச? பகல்ல வீட்ல யாரும் இல்ல. உன்னத் தவிர வேற யாரு தொட்டா?”

வழக்கம்போல ஏழு மணிக்குக் கம்பெனிச் சட்டையோடு வந்த அப்பா, “விடு லா, சின்னப் பிள்ள” என்றார். சின்னப் பிள்ளை அதைச் செய்யவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அன்றிரவே அம்மா ஆன்ட்டிக்குப் போன் செய்தார். ஈஸ்டருக்கு வேறொரு பெண் வாசிப்பாள் என்று முடிவாயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை அம்மாவுக்கு வேலை இருந்ததால், அப்பாதான் என்னையும் கீபோர்டையும் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனார். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே ஒரு சந்தில் மின்சாமான் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் கீபோர்டின் அடிப்பலகையைக் கழற்றினார், முகர்ந்து பார்த்தார், எதையோ பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். நெல்மணி அளவில் ஒரு கறுப்பு உருளை. ஒரு முனையில் வெள்ளிக் கோடு, நடுவில் வெடித்திருந்தது.

“டையோடு. கரண்ட்ட ஒரு பக்கமாத்தான் போக விடும். சரியான அடாப்டர் போட்டா இதுக்கு வேலையே இல்ல, சும்மா கிடக்கும். பிளஸ்ஸும் மைனஸும் மாறி வந்தா, மொத்த கரண்ட்டும் இது வழியா ஓடிரும். போர்டு தப்பிச்சிரும், இது வெந்து ஷார்ட்டாயிரும், செட்டு நின்னுரும்.”

“தானா இப்படி வேகாதா மாமா?”

“வேகாது லா. யாரோ வேற அடாப்டர சொருகியிருக்காங்க.”

டையோடுக்குள் இருக்கும் சிலிக்கானின் ஒரு பாதியில் எலக்ட்ரான்கள் மிகுதி, மறு பாதியில் அவற்றுக்கான காலியிடங்கள். ஒரு திசையில் தள்ளினால் இரண்டும் நடுவில் சந்தித்துக் கரண்ட் ஓடும், எதிர்த்திசையில் இழுத்தால் விலகிக்கொண்டு வழியை அடைத்துவிடும் என்பதெல்லாம் பிறகு பாலிடெக்னிக்கில் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கையில் சாட்சி இருந்தது.

“எங்க வீட்ல அதே மாதிரி முனை இருக்கறது இன்னொண்ணுதான் மாமா. அப்பாவோட முதுகு மசாஜ் மெஷின் அடாப்டர்.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தெருவைப் பார்த்தார்.

“என்னிக்கு நின்னுச்சு?” என்று மாமா என்னிடம் கேட்டார்.

“செவ்வாய்க்கிழமை. நான் ஸ்கூல்ல இருந்தப்ப.”

மாமா அப்பா பக்கம் திரும்பி ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. புது டையோடை வைத்துப் பற்றவைத்தார், கீபோர்டு பாடியது. பிறகு என் கண்முன்னாலேயே அம்மாவுக்குப் போன் போட்டார்.

“பழைய செட்டு, அக்கா. வயசாயிருச்சு, தானா போயிருக்கு. பாப்பாவத் திட்டாதக்கா.”

சற்றுமுன் தானாக வேகாது என்று சொன்ன அதே வாய். அம்மா அதை நம்பவும் இல்லை. மருமகளைக் காப்பாற்றத் தம்பி பொய் சொல்கிறான் என்றே எடுத்துக்கொண்டார். மாமாவோடு நான் ஒரு மாதம் பேசவில்லை.

திரும்பும்போது ரயிலில் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். “நீங்கதானே?”

“ஆமா. சும்மா வாசிச்சுப் பாக்கலாம்னு. உன் அடாப்டரத் தேடினேன், கிடைக்கல.”

“அப்ப அம்மாகிட்ட சொல்லுங்க.”

“இப்ப வேணாம்மா.”

ஒரு கீபோர்டுக்காக அம்மாவிடம் திட்டு வாங்கப் பயப்படுகிறவர் என் அப்பா என்று அவமானமாக இருந்தது. எழுந்து வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஈஸ்டர் அன்று அந்தப் பெண் நான்கு இடங்களில் தப்பாக வாசித்தாள். எண்ணினேன்.

ஜூன் விடுமுறையில் ஒரு மாலை அப்பா ஒரு கடிதத்தோடு வந்தார். அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்: சீனப் புத்தாண்டுக்கு முன்பே வேலை போய்விட்டதை, தினமும் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாங்கள் கிளம்பும்வரை நின்றதை, காலையெல்லாம் வீட்டில் தனியாக விண்ணப்பம் எழுதியதை, நான் பள்ளி விட்டு வருமுன் வெளியே போய் ஏழு மணிவரை சுற்றியதை. திங்கட்கிழமை முதல் புது வேலை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவும் அழுதார்.

நான் அறை வாசலில் நின்றபடி, கீபோர்டு விஷயத்தை எப்போது சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.