டோனி துரை தெரு

எங்கள் தெருவுக்கு ஒரு வெள்ளைக்காரனின் பெயர் என்றுதான் கல்லூரி முடிக்கும் வரை நம்பிக்கொண்டிருந்தேன். டோனி தொர தெரு. பூந்தமல்லிக்கும் திருநின்றவூருக்கும் நடுவே, கூவம் வளைந்து திரும்புகிற இடத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. நகரத்தில் கூவம் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஓடும், மற்ற மாதங்களில் மணலும் கோரையும்தான். ஊரில் பாதிப் பேர் இன்னமும் நெல் போடுகிறார்கள், பாதிப் பேர் அம்பத்தூருக்கு ஷிப்ட் போகிறார்கள். இரண்டு கூட்டமும் சேருகிற இடம் தெருமுனை டீக்கடை. டோனி துரை குதிரை கட்டிய மரம், துப்பாக்கி கழுவிய படித்துறை எல்லாம் அந்த டீக்கடைக்காரர் சொல்லித்தான் ஊருக்கே தெரியும்.

போன வருடம் பட்டா பெயர் மாற்றத்துக்காக, வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்து வரும்படி அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். தாத்தா மனை வாங்கிய நாளிலிருந்து அந்தப் பத்திரத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறோமே தவிர, ஒருவரும் வாசித்ததில்லை. நகல் கடையில் நின்றபடியே வாசித்தேன். நான்கு எல்லைகளைச் சொல்லும் இடத்தில், 'கிழக்கே தோணித்துறைக்குப் போகும் பாதை' என்றிருந்தது.

தோணித்துறை. டோனி தொர.

அப்படியென்றால் துரையும் இல்லை, குதிரையும் இல்லை. தோணி மிதக்கிற அளவுக்கு இங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது! நகலை வாங்காமலே பேரூராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிப் போனேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பேரூராட்சியில் தெருக்களுக்கெல்லாம் நீலப் பலகை எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவின் முறை திங்கட்கிழமை. 'டோனி துரை தெரு' என்று ஒரு தடவை தகட்டில் ஏறிவிட்டால் ஆதாரிலும் ஏறிவிடும். அப்புறம் இங்கே தோணி ஓடியதை யார் நம்பப்போகிறார்கள்? அலுவலக எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். ஒரு பத்திரம் போதாது, அதே தெருவில் இன்னொன்றும் அப்படியே சொன்னால் மாற்றிவிடலாம் என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் கதையை யாருக்கு வேண்டுமானாலும் தருவார்கள். பத்திரத்தை மட்டும் கண்ணில் காட்டமாட்டார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவர் ரோடு போட இடம் எடுக்கப்போகிறார்களா என்று பயந்தார், இன்னொருவர் பேசும்போதே கதவைச் சாத்தினார். கடைசியில் மிச்சமிருந்தது எங்களுக்கு எதிர்சாரியில் இருக்கும் டீக்கடைக்காரரின் மனைதான்.

"ஆத்துல முட்டிக்கால் தண்ணி கீது, அதுல எங்கருந்து தோணி உடுவாங்க?" என்றார் அவர். "படிச்சிட்டா தொரயவே காணாம பண்ணிடுவியா நைனா?"

கடையே சிரித்தது. பாலம் வருவதற்கு முன்னால் மழைக்காலத்தில் அக்கரைக் கழனிக்கு எப்படிப் போனார்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

ஞாயிறு மத்தியானம் அவரே மஞ்சள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "உன் கைல தரமாட்டேன். நான் புட்சிக்கினு நிக்கிறேன், நீ படி."

நேராக எல்லைகளுக்குப் போனேன். 'மேற்கே தோணித்துறைப் பாதை' என்று வந்ததும் என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் முதலிலிருந்து படிக்கச் சொன்னார். மனையை வாங்கியவர் அவருடைய கொள்ளுப்பாட்டன். அந்தப் பெயரை அடுத்து, 'ஓடம் விடும் ஜீவனம்' என்று எழுதியிருந்தது.

"அப்டின்னா?"

"ஓடக்காரரு மாமா. ஆளுங்கள அக்கரைக்கு ஏத்திகினு போனவரு."

அந்த வரியை மட்டும் நான்கு முறை படிக்கவைத்தார்.

திங்கட்கிழமை நான் போவதற்குள் மஞ்சள் பையோடு எழுத்தரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் பலகை ஏறியது: தோணித்துறைத் தெரு. 'த்' விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் டீக்கடையில் யாரோ, அப்போ துரை என்ன ஆனார் என்று அவரைச் சீண்டினார்கள்.

"தொர எங்கயும் போவல," என்றார். "அவர அக்கரைக்கு ஏத்திகினு போனதே எங்க பாட்டன்தான்."

நான் இன்னொரு டீ சொன்னேன்.