தாங்கள்

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஓய்வு நேரத்தில், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பொதுவில் விட்ட ஒரு மென்பொருளுக்கு வரும் நிரல்களைச் சரிபார்ப்பார். அந்த மென்பொருள் குழுவில் அவருக்குப் பட்டப்பெயர் கத்திரி.

"மூளையைக் கழட்டி வச்சுட்டு எழுதினியா?" என்று நிரல் அனுப்பிய ஒருவரைக் கேட்டுவிட்டார். புகார் வந்தது. எல்லோரிடமும் மரியாதையாகப் பேச வேண்டும் என்று குழு விதி போட்டது. கத்திரி விதியை மதிப்பவர்.

"தாங்கள் எழுதியருளிய நிரலைத் தாங்களே ஒருமுறை ஓட்டிப் பார்க்கத் திருவுளம் கொண்டீர்களா?" என்று அடுத்தவருக்கு எழுதினார்.

புகார் இரண்டு மடங்கானது. 'தாங்கள்' என்று யாரையும் திட்டக் கூடாது என்று குழு விதியைத் திருத்தியது.

"மரியாதை எப்படித் திட்டாகும்?" என்று மனைவியிடம் நியாயம் கேட்டார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. தாங்கள் சாப்பிட எழுந்தருளலாமா?" என்றாள்.

கத்திரிக்கு உறைத்தது. கைகூடக் கழுவாமல் போய் உட்கார்ந்தார்.