இருபத்தேழாம் நம்பர் ரத்தம்

ஒன்பது வருஷமாகப் பூட்டுக்காரரின் நெஞ்சில் ஒரு ஆத்திரம் கனன்றுகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள், போவார்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்ல ஒருத்தராவது திரும்பி வந்ததுண்டா? கிடையாது. வேலை முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற கூட்டம் என்று வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

அவர்கள் தேடி வருவது அவருடைய தங்கை புருஷனை. மாப்பிள்ளைக்குப் பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையில் வேலை. கைக்கோடாலியால் மூடியைப் பிளந்து, ஆசிட்டைக் கவிழ்த்து, உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளை உருவி உலைக்கு அனுப்ப வேண்டும். இருபத்துமூன்று வருஷம் அதையேதான் செய்தார். சிரித்த முகம். சாயங்காலம் வாசலில் நின்று சட்டையை உதறுவார், சாம்பல் நிறத்தில் தூசி பறக்கும். தங்கச்சி கத்தினால், "சம்பளத்தோட இனாமா குடுக்கறாங்க, வேணாம்னு சொல்ல முடியுமா?" என்பார்.

அந்தத் தூசியைக் கூட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள் அறிவியல்காரர்கள். அடுத்து வந்தவர்கள், அரசாங்கத்துக்கு யோசனை எழுதிக் கொடுக்கிறவர்களாம், நூற்றிருபது கேள்வி கேட்டார்கள். கையுறை உண்டா, எத்தனை மணிக்குச் சாப்பாடு, சாப்பிடுமுன் கை கழுவுவீர்களா. மூன்றாவதாகச் சட்டத்துறை. அவர்கள் கையில் ரிக்கார்டர். மூன்று துறைக்கும் மூன்று கட்டடம், ஒரே காம்பவுண்டு. பூட்டு மாற்றுகிற வேலைக்காக எல்லாவற்றிலும் ஏறி இறங்கியவர் பூட்டுக்காரர். ஒரு அறையில் மீனின் காதுக்குள் இருக்கிற கல்லை வைத்து அதன் வயசைக் கணக்குப் போடுகிறார்கள், இன்னொன்றில் வாடகைச் சட்டத்தைப் பிரித்து மேய்கிறார்கள். பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அதிலேயே அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பக்கத்து அறைக்காரனிடமே சொல்லாதவன் நம்மிடமா சொல்லப்போகிறான்?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அறிவியல்காரர்கள் பட்டறையை ஒட்டிய கொட்டகையில், ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க வந்தார்கள். மாப்பிள்ளை இருபத்தேழாம் நம்பர். துணைக்குப் போன பூட்டுக்காரர் ஒன்றைப் பார்த்துவிட்டார். பட்டறை மேஸ்திரி அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின மாசம்தான் வயிற்றுவலி என்று சொன்ன ஒருத்தனைச் சீட்டைக் கிழித்து அனுப்பியிருந்தார்கள். ரத்தம் கெட்டிருக்கிறது என்று முதலாளி காதுக்குப் போனால் மாப்பிள்ளைக்கும் அதே கதிதான். மேஸ்திரி வெளியே எழுந்துபோன நேரம், இருபத்தேழு என்று கூப்பிட்டதும் பூட்டுக்காரர் போய் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார். ஊசி என்றாலே நடுங்குகிற மாப்பிள்ளைக்கு ஏகக் குஷி. குழாயில் பேரை ஒட்டின பெண்ணுக்கு இவர் முகமும் தெரியாது, அவர் முகமும் தெரியாது. ஏமாற்றிவிட்டோம் என்று வழியெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நாளாக ஆக மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு துவண்டது. சட்டைப் பொத்தானைத் தங்கச்சிதான் போட்டுவிட வேண்டியிருந்தது. வயிறு முறுக்கியது. போன மாசம் சிறுநீரகமும் போய் ஆஸ்பத்திரியில் விழுந்தார்.

அங்கேதான் சட்டம் சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருத்தர் கட்டுக் காகிதத்தோடு வந்தார். முப்பத்தொரு தொழிலாளிகளுக்குப் பட்டறையே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு காகிதத்தைக் காட்டுகிறாராம். ஒன்று அறிவியல் கட்டடத்தில் அச்சடித்தது. பதினாலு வருஷம் வேலை பார்த்த இருபத்தேழாம் நம்பர் ரத்தத்தில் ஈயம் ஏறவே இல்லை. அதைப் பார்த்து யோசனைக்காரர்கள் எழுதியது மற்றது, கையுறையும் சோப்பும் போதும் என்று. அப்புறம் என்ன, மற்றவர்கள் உடம்பில் இருக்கிற ஈயம் வீட்டுச் சுவர் பெயின்டில் வந்தது என்று வக்கீல் அடித்துப் பேசுகிறார்.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஏறாம இருந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

மாப்பிள்ளை வாயெடுப்பதற்குள் பூட்டுக்காரர் முந்திக்கொண்டு, அப்போதெல்லாம் இவருக்குக் கல்லு மாதிரி உடம்பு என்று சொல்லிவிட்டார். பைக்குள் ரிக்கார்டர் ஓடுகிறதோ என்று அவருக்குப் பயம். ஆள்மாறாட்டம் என்று கம்பி எண்ண வைத்துவிட்டால்? அந்த அம்மா போன பிறகும் கதவைத் திறந்து, வராந்தாவில் நிற்கிறாரா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

மத்தியானம் தங்கச்சி மருந்து வாங்கக் கீழே போனாள். மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான், ஒன்பது வருஷமா உன் ரத்தத்தை நான் வச்சிருக்கேன். திருப்பி வாங்கிக்க."

"சும்மா கெட மாப்ள. போய்ச் சொன்னா என்னைத்தான் உள்ள தள்ளுவாங்க. அவங்களை நம்பச் சொல்றியா?"

"நம்ப வேணாம். சொன்னாப் போதும்." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "என் பேரு கேஸ் லிஸ்ட்ல வரலைன்னாலும் போகுது. மத்த முப்பது பேரையும் என் பேரு கவுத்துடக் கூடாது. நீதானே கையை நீட்டின?"

மாப்பிள்ளையின் கை போர்வைமேல் துணி மாதிரி கிடந்தது. விரல் ஒன்றுதான் கொஞ்சம் அசைந்தது.

"நாளைக்குக் காலையில போ. பழைய குழாயை வச்சிருந்தாங்கன்னா, உன் ரத்தத்தை எடுத்து ஒத்துப் பாக்கச் சொல்லு. ஒரு கட்டடத்துல சொல்லிட்டு வந்துடாத மச்சான், அது அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சேராது. மூணுக்கும் நீயே ஏறி இறங்கிச் சொல்லிட்டு வா."